கதவில் கீறல்: எதைத் தேய்க்கலாம், எதை நிரப்ப வேண்டும், எப்போது பட்டறைக்குப் போக வேண்டும்

கேள்வி இதுதான். ஐந்து வயதான நீல மெட்டாலிக் கார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் யாரோ உரசிவிட்டுப் போனதில் ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். அதன் நடுவே சுமார் 2 செ.மீ. தூரத்துக்கு வெளிர்சாம்பல் தெரிகிறது. பின் பம்பர் மூலையில் தூணில் தேய்த்த வெள்ளைத் தடம் வேறு. பட்டறையில் கதவு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். நண்பர் பற்பசையே போதும் என்கிறார். நாமே செய்ய முடியுமா?

முடியும். பம்பர் தடம் அரை மணி நேர வேலை. கதவுக் கீறலின் மெல்லிய பகுதிக்கு ஒரு பிற்பகல் போதும். சாம்பல் தெரியும் அந்த 2 செ.மீ. மட்டும் இரண்டு வாரம் இழுக்கும். கைவேலை கொஞ்சம்தான், காய்வதற்குத்தான் அத்தனை நாள்.

தொடங்கும் முன் ஒன்று. உரசியவர் யார் என்று தெரிந்தாலோ, உங்கள் கேமராவில் வண்டி எண் பதிவாகியிருந்தாலோ, எதையும் தொடாமல் படம் எடுத்து வையுங்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது சிங்கப்பூரில் உள்ள நடைமுறை. ஆள் தெரியாமல் உங்கள் சொந்தக் காப்புறுதியிலேயே கோரிக்கை வைப்பது வேறு கணக்கு. 50 விழுக்காடு என்சிடி (கோரிக்கை வைக்காததற்கான) தள்ளுபடியில் இருக்கும் தனியார் கார் உரிமையாளருக்கு ஒரு கோரிக்கை ஏறினால், தள்ளுபடிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, அது 20 விழுக்காடாக இறங்கிவிடும். ஒரு கதவுக் கீறலுக்கு அது கட்டுப்படியாகாது.

இனி பெயிண்டுக்கு வருவோம். இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்பான ஈ-கோட், சுமார் 20 மைக்ரான். அதன் மேல் பிரைமர், 30 முதல் 35. அதற்கு மேல் நிறம் தரும் பேஸ் கோட், 12 முதல் 20. எல்லாவற்றையும் மூடி நிறமற்ற கிளியர் கோட், 35 முதல் 50. மொத்தமே சுமார் 100 முதல் 125 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நீங்கள் பார்க்கும் பளபளப்பு முழுவதும் அந்தக் கிளியர் கோட்டில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சரக்கும் அதில்தான் இருக்கிறது.

காம்பவுண்ட் (பெயிண்டை நுண்ணியதாகத் தேய்க்கும் பசை) போட்டால் கீறல் ‘மறைகிறது’ என்கிறோம். உண்மையில் கீறல் எங்கும் போவதில்லை. அதைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துக் கீறலின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். கையால் காம்பவுண்ட் போட்டால் ஓரிரு மைக்ரான் போகும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துப் பிறகு காம்பவுண்டும் போட்டால் 5 முதல் 10 மைக்ரான் வரை போகலாம். தேய்த்த கிளியர் கோட் திரும்ப வளராது. ஆகவே ஒரு கீறலுக்கு எவ்வளவு குறைவாகத் தேய்த்துத் தப்பிக்கலாம் என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம். கீறலை அடியோடு ஒழிக்கப் போனவர்கள்தான் கதவைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஆழத்தைக் கணிக்க மூன்று சோதனைகள் போதும். மூன்றையும் கழுவித் துடைத்த காரில்தான் செய்ய வேண்டும். முதலாவது, கீறல் மேல் தண்ணீரைத் தெளியுங்கள். நனைந்தவுடன் கீறல் காணாமல் போய், காய்ந்ததும் திரும்ப வந்தால் அது கிளியர் கோட்டின் மேல்பகுதியில்தான் இருக்கிறது. இரண்டாவது, நகத்தை அழுத்தாமல் கீறலுக்குக் குறுக்கே இழுங்கள். தட்டாமல் வழுக்கினால் பாலிஷுக்கு அடங்கும். தட்டினால் பாலிஷ் மட்டும் போதாது. மூன்றாவது, கைப்பேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் கீறலின் அடியில் என்ன நிறம் என்று பாருங்கள். காரின் நிறமே தெரிந்தால் பேஸ் கோட் பிழைத்திருக்கிறது. வெள்ளையோ சாம்பலோ தெரிந்து, நனைத்தாலும் அது மாறாவிட்டால் பிரைமர் வெளியே வந்துவிட்டது. உலோக மினுக்கோ பழுப்போ தெரிந்தால் தகடு. கார் நிறுத்துமிடத்து விளக்கை நம்பாதீர்கள். அந்தப் பரவலான வெளிச்சம் பாதிக் கீறல்களை மறைத்துவிடும்.

பெயிண்ட் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் நல்லது. கதவில் ஐந்தாறு இடத்தில் வைத்துப் பாருங்கள். 90 முதல் 150 வரை ஒரே சீராக வந்தால் தொழிற்சாலைப் பெயிண்ட். ஓரிடத்தில் 250, 300 என்று எகிறினால் அங்கே ஏற்கெனவே ஒருமுறை அடித்திருக்கிறார்கள். 1000க்கு மேல் போனால் அடியில் பட்டி இருக்கிறது. ஆனால் கருவி காட்டுவது மொத்தக் கனம். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு மிச்சம் என்பதை அது சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலையே செய்யாது.

உங்கள் பம்பரில் இருக்கும் வெள்ளைத் தடத்தில் பெரும்பகுதி உங்கள் காரின் சேதமே அல்ல. அது தூணின் பெயிண்ட், கார் மேல் ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலை மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, தடத்தின் மேல் அரை நிமிடம் வைத்திருந்து, ஒரே திசையில் துடையுங்கள். போகாத மிச்சத்துக்குத் தார் நீக்கி. அதற்கும் அசையாததற்குக் கொஞ்சம் காம்பவுண்ட். ஹார்ட்வேர் கடைத் தின்னர் வேண்டவே வேண்டாம்: பட்டறையில் பிறகு அடித்த பெயிண்டாக இருந்தால் இளக்கிவிடும், பிளாஸ்டிக்கையும் கடிக்கும். சமையலறையில் பயன்படும் வெள்ளை ‘மேஜிக்’ பஞ்சும் நுண்ணிய உப்புத்தாள்தான். தடத்தோடு பளபளப்பும் போய்விடும். தடம் போன பிறகு அடியில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அவசரப்பட வேண்டியதில்லை, பிளாஸ்டிக் துருப்பிடிக்காது.

பற்பசை விஷயம். அதில் உரசும் பொருள் இருக்கிறது, அதனால் ஓரளவு ‘வேலை செய்கிறது’. ஆனால் அது பல்லுக்காக அளந்த உரசல். பெயிண்டில் காம்பவுண்டுபோல் வழுக்கிக்கொண்டு ஓடாது. சீக்கிரம் காய்ந்து, ஒரு கீறலைத் தேய்த்த இடத்தில் மங்கலான வட்டத்தை விட்டுச் செல்லும். டபிள்யூடி-40 தடவினால் கீறல் உடனே மறையும், ஏனென்றால் எண்ணெய் பள்ளத்தை நிரப்புகிறது. இரண்டு மழைக்குப் பிறகு கீறல் அங்கேயே இருக்கும். அந்த எண்ணெய்ப் பசையை முழுதாக எடுக்காமல் டச்-அப் பெயிண்ட் வைத்தால் அது ஒட்டவும் ஒட்டாது.

கதவுக் கீறலின் மெல்லிய பகுதிக்கு முதலில் கைக் காம்பவுண்ட். மெக்வையர்ஸ், 3எம், சாஃப்ட்99 என்று எதுவானாலும் சரி. கார் கிளியர் கோட்டுக்கென்று எழுதியிருக்க வேண்டும். கதவின் மடிப்புக் கோட்டுக்கும் விளிம்புக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லிதாக நிற்கும், தேய்ப்பின் அழுத்தமும் அங்கேதான் குவியும். அடி தெரிந்துபோகும் கார்களில் பாதி அங்கேதான் போகின்றன. ஃபோம் பேடில் பட்டாணி அளவில் மூன்று சொட்டு, ஓர் உள்ளங்கை அகலப் பரப்பு மட்டும், மிதமான அழுத்தம், முன்னும் பின்னுமாக ஒரு நிமிடம், பிறகு குறுக்கே ஒரு நிமிடம். துடைத்து, ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து தெளித்து மறுபடி துடையுங்கள். இந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிடாதீர்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி ஏமாற்றும். அதை எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். மூன்று சுற்றுக்கு மேல் முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துங்கள்.

டிஏ பாலிஷர் (சுற்றிக்கொண்டே ஆடும் பாலிஷ் மெஷின்) இருந்தால் 5 அங்குலப் பேட், வேகம் 4 அல்லது 5, 40 செ.மீ. சதுரம், நான்கு முதல் ஆறு முறை, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூடும்படி மெதுவாக ஓட்டுங்கள். தகட்டில் கை வைக்க முடியாத சூடு வந்தால் ஆறவிடுங்கள். சுற்றும் ரோட்டரி மெஷினை முதல்முறை செய்பவர் தொட வேண்டாம்.

வாட்டர் பேப்பர் கடைசி வழி. நகம் தட்டுகிறது, ஆனால் அடியில் நீலமே தெரிகிறது என்ற இடத்துக்கு மட்டும். 2000 நம்பரில் தொடங்கி 3000இல் முடியுங்கள். தாளைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுக் கார் ஷாம்பு விடுங்கள். விரல்நுனியால் நேரடியாகத் தேய்த்தால் விரல் வடிவத்திலேயே பள்ளம் விழும். சின்ன ஃபோம் கட்டையில் சுற்றிப் பிடியுங்கள். நேர்கோட்டில் பத்து இழுப்பு, துடை, பார். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். 3000ஐக் குறுக்குத் திசையில் ஓட்டினால் 2000 விட்ட கோடுகள் போய்விட்டனவா என்று உடனே தெரியும்.

தேய்க்கும்போது வழியும் நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பால்போல் வெள்ளையாக வந்தால் கிளியர் கோட். நீலம் கலந்து வந்தால் கிளியர் கோட்டைக் கடந்துவிட்டீர்கள், அந்தக் கணமே நிறுத்த வேண்டும். (கிளியர் கோட்டே இல்லாத சில பழைய வேன், லாரிகளில் முதல் இழுப்பிலேயே நிறம் வரும், அது வேறு.) கடந்துபோன இடம் காய்ந்ததும் மங்கலான திட்டாக, சுற்றிலும் கோடு போட்டதுபோன்ற விளிம்போடு நிற்கும். எந்தப் பாலிஷாலும் அது திரும்பாது.

கீறல் முழுதாகப் போக வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணில் உறுத்துவது கீறலின் ஆழம் அல்ல, அதன் கூர்மையான இரு கரைகள். வெளிச்சம் அங்கே பட்டுத்தான் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கரைகள் மழுங்கினாலே, இரண்டடி தள்ளி நின்றால் கீறல் தெரியாது. அடியில் 60 விழுக்காடு ஆழம் மிச்சமிருக்கலாம். இருக்கட்டும்.

இப்போது அந்த 2 செ.மீ. பிரைமர் வெளியே தெரிகிறது என்றால் மேலே நிறமே இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் நீலம் வராது. நிரப்பத்தான் வேண்டும்.

பெயிண்ட் குறியீட்டை முதலில் பாருங்கள். பல ஜப்பானிய, கொரியக் கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கும். கடையில் ‘நீலம்’ என்று கேட்டு வாங்காதீர்கள், குறியீட்டைக் கொடுங்கள். டொயோட்டாவின் 070 முத்து வெள்ளை, மாஸ்டாவின் 46வி சிவப்பு போன்றவை மூன்றடுக்கு நிறங்கள்: அடி நிறம், நடுவில் ஒளி ஊடுருவும் முத்து அல்லது நிற அடுக்கு, மேலே கிளியர். இவற்றில் ஒரே டச்-அப் பேனாவால் பொருந்தும் நிறம் வராது; சின்னக் கீறலை மூடலாம், ஒளிக்க முடியாது. உங்கள் மெட்டாலிக் இரண்டடுக்குதான், ஆனால் அதிலும் மினுக்குத்தூள் அடியில் தங்கும். டச்-அப் பெயிண்ட் புட்டியை இரண்டு நிமிடம் விடாமல் குலுக்குங்கள். தூரிகையால் வைக்கும் மெட்டாலிக் சற்றுக் கருமையாகத் தெரிவது இயல்பு. தெளிப்பில் தூள் படுத்துக் கிடக்கும், தூரிகையில் கண்டபடி நிற்கும். அதனால்தான் இந்த வித்தியாசம்.

முன்வேலைதான் பாதி வெற்றி. செராமிக் கோட்டிங் போட்ட காராக இருந்தால் கீறலைச் சுற்றி அது இருக்கும்வரை பெயிண்ட் பிடிக்காது. ஆல்கஹாலுக்கும் அது அசையாது, அந்த இடத்தை மட்டும் காம்பவுண்டால் எடுக்க வேண்டும். பிறகு ஒரு சிறு துண்டு 1000 நம்பர் தாளை மடித்து, அதன் முனையால் பள்ளத்துக்குள் மட்டும் லேசாக உரசுங்கள். பெயர்ந்து நிற்கும் செதில் இருந்தால் பல்குச்சியால் எடுத்துவிடுங்கள். அதன் மேல் பூசினால் அதோடு சேர்ந்தே உரியும். ஆல்கஹாலால் துடைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். தகடே தெரிந்திருந்தால் துருவைச் சுரண்டி எடுத்து, எபாக்சி அல்லது எட்ச் பிரைமர் ஒரு பூச்சு. பிரைமர் மிச்சமிருக்கும் உங்கள் கதவுக்கு அது தேவையில்லை. பம்பரில் வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால், பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் ஒட்டுத்திரவம் முதலில் வேண்டும்.

புட்டி மூடியோடு வரும் தூரிகை இந்த வேலைக்குத் தடிமன். பல்குச்சி முனையோ, ஓவியக் கடையில் கிடைக்கும் 000 தூரிகையோ எடுங்கள். பெயிண்ட் பள்ளத்துக்குள் மட்டும் ஓட வேண்டும். கரையில் ஏறினால் உடனே துடைத்துவிடுங்கள். ஒரே தடவையில் நிரப்ப ஆசைப்படக் கூடாது. மேலே தோல் கட்டி, உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு, ஒரு வாரத்தில் சுருங்கி மறுபடி பள்ளமாகும். மெல்லிய பூச்சாக மூன்று முதல் ஐந்து, இடையில் ஒரு மணி நேரம். நீலம் மேற்பரப்பைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும்போதே நிறுத்துங்கள். மேலே கிளியர் கோட் இரண்டு அல்லது மூன்று பூச்சு வர வேண்டும்; அது மட்டும் சற்றே மேடாக நிற்கலாம்.

இங்குள்ள ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. விடியற்காலையிலும் மழை நேரத்திலும் சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் 100 விழுக்காட்டை நெருங்கும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிரும். அந்தக் குளிரில் காற்றின் ஈரம் அதன் மேல் படியும். கிளியர் பால்போல் வெளுக்கும். அதனால் மழையில்லாத நாளில், காலை 11 மணிக்குப் பிறகு, நிழலில் செய்யுங்கள். நேர் வெயிலில் நின்ற கதவும் ஆகாது. சூட்டில் மேல்தோல் சட்டென்று காய்ந்து சிறு குமிழிகள் விழும். வெளுத்துப்போனால் பதற வேண்டாம். அடுத்த காய்ந்த பிற்பகலில் மெல்லிய கிளியர் இன்னொரு பூச்சு வைத்தால் பெரும்பாலும் அடியைக் கரைத்துத் தெளிந்துவிடும்.

ஸ்ப்ரே டப்பாவைக் கார் நிறுத்துமிடத்தில் திறக்காதீர்கள், பக்கத்துக் கார்களில் போய்ப் படியும். கெட்டிப்பான் கலந்த 2கே கிளியர் டப்பா இன்னும் ஆபத்து. அதில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது, நுரையீரலைப் பாதிக்கும். அது தகுந்த காற்றோட்டமும் பாதுகாப்பும் உள்ள பட்டறைக்கான பொருள்.

பூச்சு முடிந்தபின் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் தொடாதீர்கள். மழை பட்டால் பரவாயில்லை. கழுவும்போது அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். பிறகு மேட்டைச் சமன்செய்வது: ஒரு ரப்பர் அழிப்பானை விரல் அகலத்துக்கு வெட்டி, அதில் 2500 நம்பர் தாளை ஒட்டி, சுற்றிலும் டேப் போட்டு, மேடு மட்டும் படும்படி இழுங்கள். மேட்டின் பளபளப்பு போய் முழுவதும் மங்கலானால் சமமாகிவிட்டது. நடுவில் பளபளவென்று ஒரு புள்ளி நின்றால் அது பள்ளம். தேய்ப்பதை நிறுத்தி அங்கே இன்னொரு சொட்டுக் கிளியர். பிறகு 3000, பிறகு காம்பவுண்ட். வேக்ஸ் மட்டும் ஒரு மாதம் கழித்து.

பட்டறை எப்போது? தகடு ஒடுங்கியிருந்தால், கீறல் விரல் அகலத்துக்கு மேல் பரந்திருந்தால், மூன்றடுக்கு நிறமாக இருந்தால், அல்லது கிளியர் கோட் உரியத் தொடங்கியிருந்தால். உங்கள் கதவுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் சில ஆண்டே இருக்கும் காருக்கு அழகுக்காகக் கதவு முழுவதும் அடிப்பது வீண் செலவு என்றே சொல்வேன்; பத்தாண்டுக்குள் காரை ஒப்படைக்கும்போது கிடைக்கும் பார்ஃப் கழிவுத் தொகை காரின் வயதையும் கட்டிய ஏஆர்எஃப் (கூடுதல் பதிவு) கட்டணத்தையும் பார்க்குமே தவிர, கதவைப் பார்க்காது. அத்துடன், தொழிற்சாலைப் பெயிண்ட் முழுக்காரையும் சூளையில் வைத்து 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இறுகியது. பட்டறைச் சூளை 60 டிகிரி, அரை மணி நேரம். நன்றாக அடித்தால் அதுவும் பல ஆண்டு நிற்கும். ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் தொழிற்சாலைப் பெயிண்டை ஒரு முழக் கீறலுக்காக இழக்க மனம் வரக் கூடாது.

போகத்தான் வேண்டுமென்றால், பட்டறைகள் நிறைந்த சின் மிங்கோ காக்கி புக்கிட்டோ எங்கே போனாலும், விலைக்கு முன் மூன்றைக் கேளுங்கள். கதவுக் கைப்பிடியையும் கண்ணாடிப் பட்டையையும் கழற்றி அடிப்பார்களா, டேப் ஒட்டியா? மெட்டாலிக் நிறத்தைக் கதவை ஒட்டிய பாகத்துக்குள் படிப்படியாகக் கலந்துவிடுவார்களா, கதவோடு நிறுத்திவிடுவார்களா? கிளியர் கோட்டைக் கதவு முழுவதற்கும் அடிப்பார்களா, கீறல் இருக்கும் பகுதிக்கு மட்டுமா? பாதிக் கதவில் கிளியரை முடித்துப் பாலிஷ் போட்டுக் கலந்தால், கலந்த கோடு ஓரிரு ஆண்டில் வெயிலில் வெளியே வரும். காரைத் திரும்ப எடுக்கும்போது வெளியே பகல் வெளிச்சத்தில் நிறுத்தச் சொல்லி, கண்ணாடிப் பட்டையின் ஓரத்திலும் கைப்பிடியைச் சுற்றியும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பெயிண்ட் விளிம்பு தட்டினால் கழற்றாமல் அடித்திருக்கிறார்கள். கிளியர் உரிவது பெரும்பாலும் அந்த விளிம்பிலிருந்துதான்.